ஓடுகிற காலுக்கு எவ்வளவு வளைவு போதும்?

ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் முடிந்ததும் கடற்கரைக் கட்டைச்சுவரில் ஒரு குதிகாலைத் தூக்கி வைத்து, முட்டியை விறைப்பாக நீட்டி, நெற்றி முட்டியில் படும்வரை குனிகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தொடையின் பின்பக்கம் முழுக்க இழுக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் கூர்ந்து கவனித்தால் அந்த இழுப்பு தொடை நடுவில் இருக்காது. பிட்டத்துக்கு அடியில், நாற்காலியில் உட்காரும்போது அழுந்துகிற எலும்பின் ஓரத்தில் இருக்கும். அந்த இடத்தில் இருப்பது தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டுகிற கயிறு. இரண்டு மணி நேரம் அதை வேலை வாங்கிவிட்டு, முடிவில் எலும்போடு வைத்து நசுக்குகிறோம். யோகாவையும் ஓட்டத்தையும் சேர்த்துச் செய்கிறவர்களுக்கு வருகிற வலிகளில் ஒரு பெரிய பங்கு இந்த ஒரே காட்சிக்குள் இருக்கிறது.

ஓடும்போது கால் ஒரு சுருள்வில் மாதிரி வேலை செய்கிறது. பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு சுமார் பாரம் காலில் இறங்குகிறது. 10 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்தில் முடிப்பவர் கிட்டத்தட்ட 10,000 அடி வைக்கிறார், ஒரு காலுக்கு 5,000. இறங்கும் பாரத்தில் குதிகாலுக்கு மேலே இருக்கிற அக்கிலிஸ் தசைநாண் நீண்டு, அடுத்த கணமே சுருங்கி, வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. விறைப்பான வில்தான் நன்றாகத் திருப்பித் தரும். நெடுந்தூர ஓட்டக்காரர்களை உட்கார்ந்து கால்விரலைத் தொடச் சொல்லி அளந்த ஆய்வுகளில், குறைவாக வளைந்தவர்கள் அதே வேகத்துக்குக் குறைவான ஆக்சிஜனைச் செலவழித்ததாகவும் வந்திருக்கிறது. அதற்காகக் கட்டையாக இருப்பது நல்லது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். கால்விரலைத் தொட முடியவில்லையே என்று ஓட்டக்காரர் வெட்கப்படத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில வாரம் யோகா வகுப்புக்குப் போனதும் கை தரையைத் தொடுகிறதே, தசை நீளமாகிவிட்டதா? பெரும்பாலும் இல்லை. முன்பு 'போதும், நிறுத்து' என்று எச்சரித்த நரம்பு மண்டலம் இப்போது கொஞ்சம் தாமதமாக எச்சரிக்கிறது. எல்லை தள்ளிப்போகிறது. புதிதாகத் திறந்த அந்த இரண்டு அங்குலத்தில் பலம் தானாக வந்து சேர்ந்துவிடாது, தனியாகக் கட்ட வேண்டும். யோகா வகுப்புகள் பல வளைவோடு நின்றுவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கே வளைய வேண்டும்

ஓட்டத்துக்கு உண்மையில் வளைவு தேவைப்படுகிற இடங்கள் சில மட்டுமே. முதலில் கணுக்கால். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முட்டி சுவரைத் தொடுகிறதா? தொட்டால் கணுக்காலுக்கு மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம். 7 செ.மீ.க்கே குதிகால் எழும்பினாலோ, இரண்டு காலுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் இருந்தாலோ வேலை இருக்கிறது. அதே நிலையில் முட்டியை முன்னே தள்ளி, திரும்ப இழுத்து, ஒரு காலுக்கு 15 முறை என இரண்டு சுற்று, வாரம் நான்கு நாள். முட்டி உள்பக்கம் சாயாமல் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். உள்ளே சாய்ந்தால் பாதத்தின் வளைவு சரிந்து அளவு கூடக் காட்டும், ஏமாந்துவிடுவோம். கெண்டைக்காலில் இழுக்காமல் கணுக்காலின் முன்பக்கம் கவ்வுகிற மாதிரி வலித்தால் தடை மூட்டில் இருக்கிறது. கெண்டைச் சதையை எவ்வளவு நீட்டினாலும் அது விடாது, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

அடுத்தது பெருவிரல். வஜ்ராசனத்தில் விரல்களை மடக்கி ஊன்றி உட்காருவது போதும். ஆரம்பத்தில் 20 விநாடியே உயிர் போகும். கையைத் தரையில் ஊன்றிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஒரு நிமிடத்துக்கு வாருங்கள்.

மூன்றாவது, இடுப்பு பின்னோக்கி நீளுவது. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு இதுதான் முதலில் போகும். தொடை பின்னால் போக இடமில்லாதபோது ஓட்டத்தில் கீழ்முதுகு வளைந்து அந்த வேலையைச் செய்யும். நெடுந்தூரத்துக்குப் பிறகு முதுகு பிடிக்கிறது என்பவர்களில் பலருக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு காலை முன்னே ஊன்றி, பின்கால் முட்டியைத் தரையில் வைக்கிற அஞ்சனேயாசனம்தான் இதற்கு மருந்து. ஆனால் வகுப்புகளில் அதிகம் தப்பாகச் செய்யப்படுகிற ஆசனமும் அதுதான். முன்கால் முட்டியைத் தாண்டி இடுப்பைத் தொங்கவிட்டு, கைகளை வானத்துக்குத் தூக்கி, மார்பைப் பின்னால் சாய்த்தால் பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகு முழுவதும் கீழ்முதுகின் வளைவு, இடுப்பு ஒரு அங்குலம்கூடத் திறந்திருக்காது.

சரியாகச் செய்தால் அது படத்துக்கே லாயக்கில்லாத ஆசனம். பின்கால் முட்டிக்குக் கீழே மடித்த துண்டு. உடல் நேர்நிலை, கைகள் இடுப்பில். பின்கால் பக்கத்துப் பிட்டத்தை இறுக்குங்கள், முன் இடுப்பெலும்பை மேலே, விலா எலும்பை நோக்கித் தூக்குங்கள். இதிலேயே பின்காலின் தொடை முன்பக்கத்தில் இழுப்பு வந்துவிடும். பிறகு இடுப்பை அப்படியே இரண்டு மூன்று அங்குலம் முன்னே நகர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து மூச்சு. கடைசி மூச்சில் பின்முட்டியைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள், மூன்று முறை. இந்தத் தூக்கல்தான் திறந்த இடத்தில் பலத்தைக் கட்டுகிறது. இதை விட்டுவிட்டால் வெறும் இழுப்பு மட்டுமே மிச்சம்.

மேல்முதுகின் திருகலும் கொஞ்சம் வேண்டும், கை வீச்சு சீராக இருக்க. ஒருக்களித்துப் படுத்து மேல் கையைப் புத்தகம் விரிப்பதுபோலப் பின்னால் விரிப்பதை பக்கத்துக்கு எட்டு முறை செய்தால் போதும்.

பின்தொடைக்கு என்ன? மல்லாந்து படுத்து ஒரு காலை முட்டி மடங்காமல் தூக்கினால் 70, 80 டிகிரி போகிறதா? போதும். இரண்டு கால்களையும் முன்னும் பின்னுமாகத் தரையில் நீட்டி உட்காருகிற அனுமனாசனம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது ஓட்டத்துக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பிட்டத்து வலி

முதலில் சொன்ன இடத்துக்கு வருவோம். பின்தொடைத் தசைகள் மூன்றும் மேலே உட்காரும் எலும்பில்தான் பிடித்திருக்கின்றன. இடுப்பு மடங்கும்போது தசைநாண் அந்த எலும்பைச் சுற்றி வளைந்து அதோடு அழுந்துகிறது. உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தாசனம், நின்று குனியும் உத்தானாசனம், அனுமனாசனம் மூன்றிலும் இந்த அழுத்தம் உச்சத்துக்குப் போகும். இழுவையைத் தாங்கிக்கொள்ளும் தசைநாண், இழுவையும் நசுக்கலும் சேர்ந்து வந்தால் கெட்டுப்போகும். அதோடு மேடு ஏறுகிற ஓட்டமும் இன்டர்வலும் (வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓடுவது) அதே வாரத்தில் சேர்ந்தால் சில மாதங்களில் வலி வந்து நிற்கும்.

அடையாளம் எளிது. கடினமான பெஞ்சில் உட்கார்ந்தாலோ நெடுநேரம் கார் ஓட்டினாலோ பிட்டத்துக்கு அடியில் ஆழமாக வலிக்கும். ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, இரண்டு கிலோமீட்டரில் மறைந்து, மாலையில் திரும்ப வரும். வேகம் கூட்டினால் அதிகமாகும். இதை 'டைட்டா இருக்கு' என்று நினைத்துக்கொண்டு மேலும் மேலும் குனிகிறவர்கள்தான் இதை ஆறு மாத நோயாக ஆக்கிக்கொள்கிறார்கள். குனிந்தால் சற்று நேரம் இதமாக இருக்கிறது என்பதுதான் இதிலுள்ள பொறி.

வந்துவிட்டால் முதல் வேலை, முன்னே குனிகிற ஆசனங்களை நிறுத்துவது. சூரிய நமஸ்காரம் விட மனமில்லை என்றால் முட்டியைத் தாராளமாக மடக்கி, கையைத் தரைக்குப் பதில் முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம், ஆனால் வகுப்பில் செய்கிற மாதிரி குதிகாலைப் பிட்டத்துக்கு அருகில் வைத்து அல்ல. பாதங்களை வழக்கத்தைவிட ஓர் அடி தள்ளி வைத்து, குதிகாலை ஊன்றி, இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 விநாடி நிறுத்த வேண்டும், நான்கு முறை. பாதம் தள்ளிப் போகப் போகப் பாரம் பிட்டத்திலிருந்து பின்தொடைக்கு மாறும். இரண்டு மூன்று வாரத்தில் சுலபமானால் ஒற்றைக் காலில். அதற்குப் பிறகு டைல்ஸ் தரையில் குதிகாலுக்கு அடியில் துண்டைப் போட்டு, இடுப்பைத் தூக்கிய நிலையிலேயே காலை நீட்டி மடக்குவது, 6 முறை மூன்று சுற்று. கடைசிக் கட்டத்தில்தான் எடையைத் தூக்கிக் குனிந்து நிமிரும் பயிற்சி. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மெதுவான ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. மூன்று மாதமாவது பிடிக்கும், அவசரப்பட்டு ஆகாது. ஓடும்போது 'பட்' என்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்து பின்தொடை கருநீலமாகக் கன்றினாலோ, வலி முட்டிக்குக் கீழே இறங்கி மரத்துப்போனாலோ இது வேறு விஷயம், உடனே டாக்டர்.

குதிகாலுக்கும் இதே கதைதான். அக்கிலிஸ் தசைநாண் குதிகால் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் வலி இருப்பவர் அதோமுக சுவானாசனத்தில் (கையும் காலும் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கும் ஆசனம்) குதிகாலைத் தரைக்கு அழுத்தக் கூடாது. அங்கேயும் தசைநாண் எலும்போடு நசுங்கும். குதிகாலுக்குக் கீழே பாயைச் சுருட்டி வைத்தால் ஆசனமும் நடக்கும், வலியும் கூடாது. படி ஓரத்தில் நின்று குதிகாலைக் கீழே இறக்குகிற பயிற்சியையும் இவர்கள் சமதரையிலேயே செய்ய வேண்டும். எலும்புக்கு ஓரிரு அங்குலம் மேலே, தசைநாணின் நடுவில் வலித்தால் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

ஒரு காலை முன்னே மடக்கிக் கிடத்தி, மறு காலைப் பின்னே நீட்டுகிற புறா ஆசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டியின் வெளிப்பக்கம் ஐடி பேண்ட் (தொடையின் வெளிப்பக்கமாக இடுப்பிலிருந்து முட்டிவரை ஓடுகிற பட்டை) வலி வந்ததும் எல்லோரும் இதற்குத்தான் ஓடுகிறார்கள். அந்தப் பட்டை தடித்த, கெட்டியான திசு. இழுத்து நீட்டக்கூடியது அல்ல. இடுப்பு போதுமான அளவு திரும்பாதவர் முன்காலை விரிப்பின் விளிம்புக்கு இணையாகக் கொண்டுவர முயன்றால் அந்தத் திருகல் முழுவதும் முட்டிக்குப் போகும். மல்லாந்து படுத்து ஒரு கணுக்காலை மறு முட்டியின் மேல் போட்டு இழுத்துக்கொண்டால் பிட்டத்துக்குக் கிடைக்கிற பலன் அதேதான், முட்டிக்கு ஆபத்தில்லை. ஐடி பேண்ட் வலிக்கு வேண்டியது இடுப்பின் பக்கவாட்டுப் பலமும், சில வாரம் கிலோமீட்டரைக் குறைப்பதும்தான்.

எல்லா ஆசனமும் முதல் நாளே வந்துவிடுகிறவர்கள் வகுப்பில் பாராட்டு வாங்குவார்கள். ஓட்டத்துக்கு வந்தால் அவர்கள்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். ஒன்பது புள்ளிப் பரிசோதனை ஒன்று உண்டு: சுண்டுவிரல் பின்னால் 90 டிகிரியைத் தாண்டி வளைவது, கட்டைவிரல் முன்கையைத் தொடுவது, முழங்கை 10 டிகிரிக்கு மேல் பின்னால் போவது, முட்டி அதேபோலப் பின்னால் போவது. இந்த நான்குக்கும் பக்கத்துக்கு ஒரு புள்ளி. முட்டி மடங்காமல் உள்ளங்கை தரையில் பதிந்தால் இன்னும் ஒன்று. பெரியவர்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மூட்டுகள் இயல்பிலேயே தளர்வானவை. இவர்களுக்கு இழுப்பு வகுப்பே தேவையில்லை. திரிகோணாசனத்தில் முட்டியைப் பூட்டாமல் நூலளவு மடக்கி வைத்து, தொடைச் சதையால் நிற்கப் பழகுவதுதான் இவர்களுடைய யோகா.

எப்போது, எவ்வளவு

ஓடுவதற்கு முன்னால் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தி இழுத்தால் கொஞ்ச நேரத்துக்கு அதன் வலு சற்றுக் குறையும். அரை நிமிடத்துக்குள் என்றால் பாதிப்பு பொருட்படுத்துகிற அளவில் இல்லை, பெரிய லாபமும் இல்லை. ஓட்டத்துக்கு முன் வேண்டியது அசைவு. சென்னையில் 1976இல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தின் முறையில் ஆசனத்துக்குள் மூச்சோடு போய், மூச்சோடு வெளியே வந்து, இப்படிச் சில முறை அசைந்த பிறகே நிறுத்துவார்கள். அந்த அசைகிற பாதி ஓட்டத்துக்கு முன் கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்று நிமிட நடை, அஞ்சனேயாசனத்தில் உள்ளே வெளியே பக்கத்துக்கு ஐந்து முறை, நாற்காலியில் உட்காருவதுபோல உத்கடாசனத்தில் எட்டு முறை இறங்கி ஏறுவது, குதிகால் தூக்கல் 15, முட்டி மடக்கிய சூரிய நமஸ்காரம் மூன்று சுற்று. எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மார்கழிக் காலையில் இன்னும் இரண்டு சுற்று சேர்த்துக்கொள்ளலாம்.

நெடுந்தூரம் ஓடிய அன்று ஆழமான ஆசனம் எதுவும் வேண்டாம். சூடான, களைத்த தசை வழக்கத்தைவிட அதிகம் விட்டுக்கொடுக்கும், வலியும் மந்தமாகத்தான் தெரியும். எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளிருக்காது. ஓடி முடித்து இழுத்தால் மறுநாள் வலி குறையும் என்ற நம்பிக்கையும் சோதனைகளில் நிற்கவில்லை, குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். பத்து நிமிடம் நடந்துவிட்டு, தண்ணீர் குடித்து, சுவரில் காலைத் தூக்கி வைத்து விபரீதகரணியில் கிடங்கள். மாலையில் வகுப்பு தவிர்க்க முடியாது என்றால் உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள்: "மாஸ்டர், காலையில இருபது கிலோமீட்டர் ஓடிட்டு வந்திருக்கேன், குனியும்போது முதுகுல அழுத்தாதீங்க." நல்ல ஆசிரியர் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வாரத்துக்கு 40 கி.மீ. ஓடுகிறவருக்கு ஓர் அமைப்பு. செவ்வாய் காலை 8 கி.மீ. இன்டர்வல், அன்று மாலையே 30 நிமிடம் பலம் கட்டுகிற யோகா. புதன் மெதுவாக 6. வியாழன் 8 கி.மீ. டெம்போ, அதாவது சற்றுக் கடினமான, ஒரே சீரான வேகம். வெள்ளி மாலை ஆசனத்தில் நிறுத்தி இழுக்கிற யோகா வகுப்பு. சனி ஓய்வு, ஞாயிறு 18. திங்கள் மூச்சுப் பயிற்சியும் சவாசனமும் மட்டும். கடினமான யோகாவை எளிதான நாளில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படி வைத்தால் வாரத்தில் எளிதான நாளே இல்லாமல் போய்விடும். கடினத்தோடு கடினத்தைச் சேர்த்துவிட்டு, ஓய்வு நாளை ஓய்வாகவே விடுவது நல்லது.

சென்னை மாரத்தான் ஜனவரியில் வருவதால் கிலோமீட்டர் உச்சத்துக்குப் போகிற மாதங்கள் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அதாவது வடகிழக்குப் பருவமழை நேரம். மழையில் ஓட்டம் தவறிய நாளில் அதற்கு ஈடாக வீட்டுக்குள் ஒன்றரை மணி நேர யோகா செய்யத் தோன்றும். மழை விட்டதும் தவறிய கிலோமீட்டரையும் சேர்த்து ஓடத் தோன்றும். இரண்டு கணக்கும் ஒரே தசைநாணில்தான் விழுகிறது. மழை நாளில் மாடிப்படியில் குதிகால் தூக்கலும் ஒற்றைக்கால் சேதுபந்தாசனமும் செய்தால் அதுவே அன்றைய பயிற்சி. பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்னால், நெடுநேரம் இழுத்து வைக்கிற ஆசனங்களை விட்டுவிடுங்கள். புதிதாக எதையும் அந்த வாரத்தில் முயல வேண்டாம்.

பலம் கட்டுவதற்கு யோகாவில் நல்ல சரக்கு இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று, உடலையும் மறு காலையும் தரைக்கு இணையாக நீட்டுகிற வீரபத்ராசனம் மூன்றாவது நிலை இடுப்பின் பக்கவாட்டுக்கு அருமையானது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, தூக்கிய கால் பக்கத்து இடுப்பு மேலே திறக்காமல் தரையைப் பார்க்க வைத்து, 20 விநாடி, காலுக்கு மூன்று முறை. அர்த்த சந்திராசனம், சலபாசனம், நாவாசனம் எல்லாம் பயன் தருபவை. ஆனால் கெண்டைக்காலுக்கு யோகாவில் பதிலே இல்லை. ஓடும்போது கெண்டையின் உள்தசை உடல் எடையைப்போல ஆறு மடங்குக்கும் மேல் பாரம் தாங்குகிறது. ஒரு காலில் நின்று விருட்சாசனம் செய்வது அதற்குக் கால்வாசிகூட ஆகாது. ஒற்றைக் காலில் முழு உயரத்துக்கும் குதிகாலைத் தூக்கி, இரண்டு விநாடி எடுத்து இறக்குவது, தொடர்ந்து 20, 25 முறை வரவேண்டும். வந்த பிறகு தோள்பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு எண்ணிக்கையை 10க்குக் குறையுங்கள். பாதி முறை முட்டியை லேசாக மடக்கிச் செய்தால்தான் உள்தசைக்கு வேலை போகும்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் எழுந்ததும், உடல் சூடாகும் முன் மூன்றே அளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள்: முட்டி சுவர் இடைவெளி எத்தனை செ.மீ., படுத்த நிலையில் கால் எவ்வளவு எழும்புகிறது, ஒற்றைக்கால் குதிகால் தூக்கல் எத்தனை. மே மாதத்தில் வியர்வை வழிய ஒரு மணி நேர வகுப்பு முடித்து அளந்தால் கிடைப்பது வெயிலின் அளவு. முதல் இரண்டும் ஏறிக்கொண்டே போய், மூன்றாவது அப்படியே நின்றாலோ இறங்கினாலோ, அடுத்த நான்கு வாரத்துக்கு வெள்ளிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு அந்த நேரத்தில் அரிசிப் பையைத் தூக்குங்கள்.